தாயைப் போலப் பிள்ளையா? உளப்பிளவை நோயாளரின் உறவினர் பற்றிய ஆராய்ச்சியின் வரலாறு

தோற்றுவாய்

நோய்க்குக் காரணம் தேடுவது மனித இயல்பு. காரணம் புலப்படாதவிடத்துக் குற்றவாளியைத் தேடுவதும் அவ்வியல்பின் ஒரு கூறே. உடலைப் பற்றும் பிணிகள் பலவற்றுக்குக் கிருமியென்றும் ஊட்டக் குறைவென்றும் காரணங்கள் தெளிவானபின், அவற்றை முன்னிட்டு உறவினரைப் பழிக்கும் வழக்கம் பெரிதும் அருகியது. உள்ளத்தைப் பற்றும் பிணிகளிலோ நிலைமை வேறாயிற்று. அவற்றுள் உளப்பிளவை என்றும் மனச்சிதைவு என்றும் தமிழில் வழங்கும் ஸ்கிற்சோபிரீனியா தலையாயது. ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரை வாழ்நாளிற் பற்றுவதெனப் பொதுவாகக் கணிக்கப்படும் இந்நோய், பெரும்பாலும் இளமையின் வாயிலிலேயே தோன்றுவது. நன்கு கற்று வந்த பிள்ளையொருவன் திடீரெனத் தொடர்பற்றுப் பேசத் தொடங்கும்போது, கண்டோர் பார்வை முதலிற் சென்று தங்குவது பெற்றோர் மீதே.

“நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை” என்பது தமிழர் பழமொழி. மேலைநாட்டு மருத்துவ அறிஞரும் நெடுங்காலமாக இக்கருத்தையே வேறு சொற்களிற் கூறிவந்தனர். நோயாளரின் பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியோரிற் சிலரது சிந்தனையிலும் பேச்சிலும் சில தனித்தன்மைகள் உள்ளன என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆயின் அவ்வுண்மையிலிருந்து அவசரமாக வருவித்த முடிபுகள் இருமுறை பெருந்தீங்காய் முடிந்தன. ஒருமுறை குருதி பழிக்கப்பட்டது; மறுமுறை தாய் பழிக்கப்பட்டாள். கண்டது பிழையன்று, கண்டதற்குக் கற்பித்த காரணமே பிழை. அவ்வரலாற்றை முறையே எடுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் நோக்கர்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யேர்மனிய மருத்துவர் எமில் கிரேப்பெலின், இளமையில் தோன்றி அறிவைச் சிதைக்கும் நோய்வகை ஒன்றைப் பிறவற்றினின்றும் பிரித்து வகுத்தார். அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியவர் சுவிற்சலாந்தின் சூரிச் நகரிற் பணியாற்றிய யூஜின் புளொய்லர் ஆவார். 1908இல் பேர்லினில் நிகழ்த்திய விரிவுரையில் அப்பெயரை முன்மொழிந்து, 1911இல் வெளியிட்ட பெருநூலில் அதனை நிலைநாட்டினார். ‘பிளத்தல்’, ‘உள்ளம்’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களாலானது அப்பெயர். ஒருவருள் இருவர் குடிகொள்வதை அது குறிப்பதன்று; எண்ணத்தோடு எண்ணத்தையும், எண்ணத்தோடு உணர்ச்சியையும் பிணைக்கும் இழைகள் தளர்தலையே குறிப்பது. அவ்விழைகளின் தளர்ச்சியே நோயின் அடிப்படை என்பது புளொய்லரின் கொள்கை.

இவ்விரு பேராசிரியரும் நோயாளரை மட்டுமன்றி, அவரைக் காணவந்த உறவினரையும் கூர்ந்து நோக்கினர். உறவினரிற் சிலர் நோயுறாதவராயினும் ஒதுங்கிய போக்கும், விந்தையான பேச்சும், வழக்கத்துக்கு மாறான கருத்துகளும் உடையராயிருந்தமை அவர்கள் கண்ணிற்பட்டது. நோயாளரிடம் பேருருவிற் காணப்படுவதே உறவினரிடம் சிற்றுருவில் உள்ளது போலும் என்ற எண்ணம் இவ்வாறு தோன்றியது. அக்காலத்தில் இது வெறும் நோக்கமே; அளவையன்று. எனினும் பின்வந்தோர் அதனை அளந்தறியு முன்னரே அதன்மீது கட்டடங்கள் எழுப்பலாயினர்.

குருதியைப் பழித்த காலம்

கிரேப்பெலினுடன் மியூனிச் நகரில் ஆராய்ச்சி செய்த ஏர்ன்ஸ்ற் றூடின், நோயாளரின் உடன்பிறந்தாரிடை அந்நோய் எவ்வளவிற் காணப்படுகிறது என்பதைப் பெருந்தொகையான குடும்பங்களில் ஆராய்ந்து 1916இல் நூலொன்றை வெளியிட்டார். கணிப்பு முறையில் அது முன்னோடியான நூல். ஆயின் அதன் ஆசிரியர் கணிப்போடு நின்றாரல்லர். ஹிற்லரின் ஆட்சி 1933 யூலை 14ஆந் தேதி ஒரு சட்டத்தை இயற்றியது. பரம்பரை நோயுடையோர் எனக் கருதப்பட்டவரை அவர்தம் இசைவின்றியே மலடாக்க அது வழிசெய்தது. அச்சட்டத்துக்கு விளக்கவுரை எழுதிய மூவருள் றூடினும் ஒருவர். சட்டத்திற் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட நோய்களுள் உளப்பிளவையும் ஒன்று. இச்சட்டத்தின் கீழ் மலடாக்கப்பட்டோர் தொகை ஏறத்தாழ 4,00,000 என வரலாற்றாசிரியர் கணிப்பர். 1940, 1941ஆம் ஆண்டுகளில் மருத்துவமனைகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு நச்சு வாயுவாற் கொல்லப்பட்ட நோயாளர் ஏறத்தாழ 70,000 பேர்.

நோயாளரோடு இக்கொடுமை நின்றுவிட வேண்டும் என்று எல்லாரும் கருதினாரல்லர். றூடினிடம் பயின்ற பிரான்ஸ் கல்மன் 1935இல் பேர்லினில் நடைபெற்ற மாநாடொன்றில், நோயற்ற உறவினரையும் ஆராய்ந்து, சிறு அறிகுறி உடையோரைக் கண்டறிந்து அவரையும் மலடாக்க வேண்டும் என வாதித்தார். விந்தையான பேச்சு ஒருவரின் வழிவழி உரிமையையே பறிக்கும் சான்றாகக் கொள்ளப்பட இருந்தது. யூதக் குருதி கலந்தவர் எனப்பட்ட கல்மனே அடுத்த ஆண்டில் அவ்வாட்சிக்குத் தப்பி அமெரிக்காவிற் புகலடைய நேர்ந்தது. குருதியைக் கொண்டு பிறரை அளந்தவர், தம் குருதியாலேயே அளக்கப்பட்டார்.

தாயைப் பழித்த காலம்

இரண்டாம் உலகப் போரின் பின் பரம்பரை பற்றிய பேச்சே பலருக்கு அருவருப்பை ஊட்டியது. அது இயல்பே. அமெரிக்க உளமருத்துவத்தில் அக்காலத்தில் மேலோங்கியிருந்தது உளப்பகுப்பாய்வு நெறி. குழந்தைப் பருவத்து உறவுகளே பிற்கால நோய்க்கு வித்து என்பது அந்நெறியின் துணிபு. ஆகவே உறவினரிடம் காணப்பட்ட தனித்தன்மைகளுக்குப் புதிய பொருள் கற்பிக்கப்பட்டது. அவை பரம்பரையின் அடையாளமல்ல. நோயை விளைத்த காரணமே அவைதாம் எனப்பட்டது.

யேர்மனியிலிருந்து அகதியாய் வந்து மேரிலாந்து மாநிலத்துத் தனியார் மருத்துவமனையொன்றிற் பணிபுரிந்த பிரீடா புறொம்-றைக்மன், நோயாளரிடம் பேரன்பும் பொறுமையும் காட்டிய மருத்துவர் எனப் பெயர் பெற்றவர். அவரே 1948இல் எழுதிய கட்டுரையொன்றில், ‘உளப்பிளவையை விளைக்கும் தாய்’ எனப் பொருள்படும் சொற்றொடரைக் கையாண்டார். கட்டுரையில் அது ஒரு சிறு குறிப்பே. எனினும் சொற்றொடர் ஆசிரியரைக் கடந்து சென்றது. அடுத்த முப்பது ஆண்டுகளில் மருத்துவ மாணாக்கர் பலர் அத்தாயைப் பற்றிக் கற்றனர். நோயாளரின் தாய்மார் பலர் தம்மைப் பற்றியே அவ்வாறு பிறர் கருதுவதைக் கேட்டனர்.

1956இல் கலிபோர்னியாவிற் பணியாற்றிய மானிடவியலறிஞர் கிறெகரி பேற்சனும் அவர்தம் தோழர் மூவரும் ‘இரட்டைப் பிணைப்பு’ என்னுங் கொள்கையை வெளியிட்டனர். சொல் ஒன்று கூற, உடல் வேறொன்று கூற, அவ்விரண்டிற்கும் இடையே பிள்ளை சிக்குண்டு தவிக்கிறது என்பது அதன் சாரம். அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. மருத்துவமனையில் தன்னைக் காணவந்த தாயை மகன் அணைக்கிறான். தாயின் உடல் விறைக்கிறது. மகன் கையை எடுக்கிறான். உடனே தாய் தன்மீது அன்பில்லையா என வினவுகிறாள். இக்காட்சியைப் படிப்போர் மனம் உருகும். ஆயின் வருத்தத்தாலும் அச்சத்தாலும் நொந்த தாயொருத்தியின் உடல் விறைப்பது நோயின் காரணமா, விளைவா என்னும் வினா அங்கே எழுப்பப்படவில்லை. யேல் பல்கலைக்கழகத்துத் தியடோர் லிட்ஸ் என்பாரும் 1950களில் நோயாளர் குடும்பங்கள் சிலவற்றை நெடிது ஆராய்ந்து, பெற்றோரிடை நிலவும் பிளவும் கோணலுமே பிள்ளையின் சிந்தனையைக் கோணலாக்குகின்றன எனக் கருதினார்.

பேச்சை அளந்தோர்

வெறும் கொள்கையோடு நில்லாது, உறவினரின் சிந்தனையையும் பேச்சையும் நேரே அளக்க முற்பட்டோரும் அக்காலத்திலேயே இருந்தனர்.

அவுஸ்திரேலிய அறிஞர் நீல் மக்கொனகி 1959இல் பொருள்களை இனம்பிரிக்கும் சோதனையொன்றை நோயாளரின் பெற்றோருக்கு வைத்தார். கரண்டி, பந்து, சுருட்டு போன்ற பல பொருள்களை முன்வைத்து, ஒன்றோடொன்று சேர்வன எவை, ஏன் எனக் கேட்பது அச்சோதனை. உண்கலங்கள் ஓரினம் என்பது நேரிய விடை. மண்ணிலிருந்து வந்தனவாதலின் எல்லாம் ஓரினம் என்பது போன்றது தளர்ந்த விடை. நோயாளர் ஒவ்வொருவரின் பெற்றோரிலும் குறைந்தது ஒருவரேனும் இத்தகைய தளர்ந்த விடைகளைத் தந்தனர். எனினும் மக்கொனகி இதனை நோயென்று கூறினாரல்லர். 1968இல் அவர் பல்கலைக்கழக மாணாக்கரையும் அவர்தம் பெற்றோரையும் ஆராய்ந்தபோது, நோயின் சாயலே இல்லாத குடும்பங்களிலும் இத்தகைய சிந்தனை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குத் தொடர்வதைக் கண்டார். ஆகவே இது மாந்தர் சிந்திக்கும் முறைகளுள் ஒன்று, பிணி அன்று.

அமெரிக்காவின் தேசிய உளநல நிறுவனத்தைச் சார்ந்த லைமன் வின்னும் மாகிறற் சிங்கரும் 1963இலும் 1965இலும் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையில் பெரும் பரபரப்பை விளைத்தன. மைத்தடங்களைக் காட்டி, அவை எவற்றைப் போலுள்ளன எனப் பெற்றோரைக் கேட்டு, அவர் கூறிய யாவும் எழுத்திற் பதியப்பட்டன. அவர்கள் ஆராய்ந்தது என்ன கண்டனர் என்பதையன்று. கண்டதைக் கேட்போருக்கு எவ்வாறு எடுத்துரைத்தனர் என்பதையே. சொல்லத் தொடங்கிய வாக்கியத்தைக் கைவிடுதல், ‘அது’, ‘அங்கே’ எனச் சுட்டிவிட்டு எதைச் சுட்டினர் எனத் தெளிவுறுத்தாமை, சொன்னதை மறுத்துப் பின் மறுத்ததையும் மறுத்தல், கேட்போரின் கவனம் ஓரிடத்தில் நிலைகொள்ளாவண்ணம் பேச்சை அலையவிடுதல் என்பன போன்ற குறைகள் எண்ணப்பட்டன. இவற்றின் தொகுதிக்குத் தொடர்பாடற் பிறழ்வு எனப் பெயரிடப்பட்டது. பெற்றோரை ஒருபோதுங் கண்டறியாத சிங்கர், எழுத்திற் பதிந்த பேச்சை மட்டும் படித்து, எவர் பிள்ளை நோயாளர் என்பதை வியக்கத்தக்க அளவிற் சரியாகக் கூறினார்.

பெற்றோரின் பேச்சிலுள்ள குழப்பமே பிள்ளையின் சிந்தனையைக் குழப்பியது எனப் பலர் இதனைப் பொருள்கொண்டனர். ஆயின் 1970களில் இம்முடிபின் மீது இரு பக்கமிருந்தும் ஐயம் எழுந்தது. இலண்டனில் ஸ்ரீவன் ஹேர்ஷ், ஜூலியன் லெவ் ஆகிய இருவரும் அதே சோதனையை அதே அளவுகோல் கொண்டு நடத்தினர். அமெரிக்காவிற் காணப்பட்ட தெளிவான பிரிவு அங்குக் காணப்படவில்லை. நோயாளரின் தந்தையர் அதிகம் பேசினர். அதிகம் பேசியோருக்குக் குறைகளும் அதிகமாய் எண்ணப்பட்டன. இது ஒரு பக்கம். மறுபக்கத்தில் அமெரிக்கரான ஜோன் லீம் 1974இல் எளியதொரு சோதனையாற் காரணத்தின் திசையையே ஆராய்ந்தார். நோயாளரான மகன்மாரும் நோயற்ற மகன்மாரும் பொருள்களை விவரித்துக் கூறியவை ஒலிப்பதிவு செய்யப்பட்டன. கேட்ட பெற்றோர் அவை எப்பொருள்கள் எனக் கண்டறிய வேண்டும். நோயாளரின் பெற்றோர் விவரித்த முறையிற் குறை காணப்படவில்லை. நோயாளரான பிள்ளைகளின் பேச்சைக் கேட்டபோதோ, அவர்தம் பெற்றோரேயன்றி நோயற்ற பிள்ளைகளின் பெற்றோரும் தடுமாறினர். குழப்பமான பேச்சைக் கேட்போர் எவராயினும் குழம்புவர் என்னும் எளிய உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நோயுற்ற பிள்ளையோடு பேசிப் பழகிய தாயின் பேச்சில் தடுமாற்றம் காணப்படின், அது தாயிடமிருந்து பிள்ளைக்குச் சென்றதென்று கூறுதல் எங்ஙனம்?

சுவீகாரப் பிள்ளைகள் காட்டிய வழி

ஒரே இல்லத்தில் பெற்று வளர்க்கப்படும் பிள்ளையிடம், பிறப்பால் வந்தது எது, வளர்ப்பால் வந்தது எது எனப் பிரித்தறிதல் அரிது. பெற்றவர் ஒருவராகவும் வளர்த்தவர் மற்றொருவராகவும் இருக்கும் சுவீகாரப் பிள்ளைகளிடமே அவ்விரண்டும் பிரிந்து நிற்பன. இதனை உணர்ந்த ஆராய்ச்சியாளர் அப்பிள்ளைகளை நாடினர்.

லெனாட் ஹெஸ்ரன் 1966இல் வெளியிட்ட ஆராய்ச்சி முதன்மையானது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாளிலேயே பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்ந்த 47 பேரை அவர் ஆராய்ந்தார். அவருள் ஐவர் உளப்பிளவை நோயாளராயினர். நோயற்ற தாய்மாருக்குப் பிறந்து அவ்வாறே பிரிந்து வளர்ந்த 50 பேருள் ஒருவரும் நோயுறவில்லை. தாயின் முகத்தையே அறியாத பிள்ளையைத் தாயின் பேச்சுக் கெடுத்ததென்று எவருங் கூறவியலாது.

1968இல் சீமோர் கெற்றி, டேவிட் றொசென்தால், போல் வென்டர் ஆகியோர் டென்மார்க்கு நாட்டின் சுவீகாரப் பதிவேடுகளைக் கொண்டு எதிர்த்திசையிலிருந்து ஆராய்ந்தனர். நோயுற்ற சுவீகாரப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கி, அவரைப் பெற்ற குடும்பத்தாரையும் வளர்த்த குடும்பத்தாரையும் தேடினர். நோயும் நோயின் சாயலும் பெற்ற குடும்பத்தாரிடமே மிகுந்து காணப்பட்டன. சாயல் என்பது ஈண்டு நோக்கற்பாலது. விந்தையான பேச்சு, இயற்கைக்கு மாறான நம்பிக்கைகள், பிறரிடமிருந்து ஒதுங்குதல் ஆகியன கொண்டு நோயுறாது வாழ்ந்த உறவினரை அவர்கள் தனியாக வகைப்படுத்தினர். கிரேப்பெலினும் புளொய்லரும் கண்ணாற் கண்டது இவ்வாறு கணக்கால் உறுதியாயிற்று. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் இவ்வியல்புகள் ஓர் ஆளுமை வகையாக இடம்பெற்றமைக்கு இந்த ஆராய்ச்சியே அடிப்படை.

அங்ஙனமாயின் இல்லத்துக்குப் பங்கே இல்லையா? இவ்வினாவுக்கு நுட்பமான விடை பின்லாந்திலிருந்து வந்தது. அங்குப் பெக்கா தியனாரி தொடங்கிய நீண்டகால ஆராய்ச்சியில் லைமன் வின்னும் பங்குகொண்டார். கார்ல்-எரிக் வால்பேர்க்கும் அவர் குழுவினரும் 1997இல் வெளியிட்ட கட்டுரை, நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து பிற இல்லங்களில் வளர்ந்த 58 பேரையும், அத்தகைய தாயர் அல்லாதாருக்குப் பிறந்து வளர்ந்த 96 பேரையும் ஒப்பிட்டது. வளர்த்த பெற்றோரின் பேச்சுத் தெளிவற்றதாயிருந்தவிடத்து, முதல் வகுப்பினரிடம் சிந்தனைக் குழப்பம் மிகுந்தது. வளர்த்தோரின் பேச்சுத் தெளிவாயிருந்தவிடத்து அவ்வாறு மிகவில்லை. இரண்டாம் வகுப்பினரையோ வளர்த்தோரின் பேச்சு அவ்வாறு பாதிக்கவில்லை. விதை ஒன்று, நிலம் ஒன்று. தனியே எதுவும் பயிரை முற்றும் தீர்மானிப்பதில்லை. வளர்ப்பைக் குற்றம் கூறிய நெறியைச் சார்ந்திருந்த வின், தம் முதுமையில் இருபக்க உண்மையையும் தாங்கும் ஆராய்ச்சியில் இணைந்தமை அறிஞருக்கு அணியாகும்.

பரம்பரை என்பதும் ஒற்றைக் கறையன்று. 2022இல் வெளியான பெரும் ஆராய்ச்சியொன்று, இந்நோயோடு தொடர்புடைய 287 இடங்களைப் பரம்பரைப் பொருளிற் கண்டறிந்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. நலமுடையோர் யாவரும் அவற்றுட் சிலவற்றைத் தாங்கியே வாழ்கின்றனர். பெற்றோருள் ஒருவர் நோயுற்றிருப்பின் பிள்ளை நோயுறும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவில் எனக் கூறுவர். தொண்ணூறு பேர் நோயுறார் என்பதும் அதே கணக்கே. அதனை முன்னர் எவரும் உரக்கச் சொன்னாரல்லர்.

இல்லமும் நோயின் போக்கும்

நோய் தோன்றுவதற்கான காரணம் வேறு. தோன்றியபின் அதன் போக்கை மாற்றுவது வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்தியவர் இலண்டனைச் சார்ந்த ஜோர்ஜ் பிறவுன். மருத்துவமனையினின்றும் வீடு திரும்பியோர் மீண்டும் நோயுறுவதை 1950களிலிருந்து அவர் ஆராய்ந்தார். 1972இல் பேர்லி, விங் ஆகியோருடன் வெளியிட்ட கட்டுரையில், கடுமையான குறைகூறலும் பகைமையும் அளவிறந்த கவலையும் மிக்க இல்லங்களுக்குத் திரும்பியோருள் நூற்றுக்கு 58 பேரும், அமைதியான இல்லங்களுக்குத் திரும்பியோருள் 16 பேரும் ஒன்பது மாதத்துள் மீண்டும் நோயுற்றமை காட்டப்பட்டது. இதனையும் பழியாக மாற்றுவது எளிது. சிலர் மாற்றவும் செய்தனர். ஆயின் லெவ்வும் பிறரும் 1980களில் குடும்பத்தாருக்கு நோயின் இயல்பை விளக்கி, பேசும் முறையைப் பயிற்றி, துணைநின்றபோது மீள்நோய் பெரிதுங் குறைந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட தாய்மார் இப்போது மருத்துவரின் துணைவராயினர். அதே காலத்தில், 1979இல், அமெரிக்காவின் மடிசன் நகரிற் கூடிய நோயாளர் குடும்பத்தார் தமக்கென ஒரு தேசியச் சங்கத்தை அமைத்துத் தம்மீதான பழியை வெளிப்படையாக மறுத்தனர்.

கீழைநாடுகளும் இவ்வரலாற்றில் இடம்பெறுவன. 1987இல் வெளியான சண்டிகார் ஆராய்ச்சியில், குறைகூறலும் பகைமையும் மிக்க உறவினர் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினரே எனக் காணப்பட்டது. இலண்டனிற் கண்டதிலும் இது குறைவு. இலங்கைக்கோ நேரிய தொடர்பு ஒன்று உண்டு. நான்சி வக்ஸ்லர் என்பார் எலியற் மிஷ்லருடன் சேர்ந்து, அமெரிக்க நோயாளர் குடும்பங்களின் உரையாடலைச் சோதனைமுறையில் ஆராய்ந்து 1968இல் நூல் வெளியிட்டவர். அவரே பின்னர் இலங்கைக்கு வந்து, மருத்துவமனையில் முதன்முறை சேர்ந்த நோயாளரை ஐந்தாண்டுகள் கழித்து மீண்டுங் கண்டு, 1979இல் தம் முடிபை வெளியிட்டார். நோயாளரிற் பெரும்பாலோர் நன்னிலையில் வாழ்ந்ததை அவர் கண்டார். நோய் புறத்திலிருந்து வந்து பற்றியது, மாறக்கூடியது என்னும் நம்பிக்கையால் இங்குக் குடும்பத்தார் நோயாளரையோ தம்மையோ பழித்துக்கொள்வதில்லை. அவரை விலக்காது தம்முடன் வைத்துக்கொள்கின்றனர் என்பது அவர் கூறிய விளக்கம். கீழைநாடுகளில் நோயின் போக்கு எங்கும் நல்லதே என்னும் பொதுக் கருத்தை 2008இல் அறிஞர் சிலர் ஐயுற்றனர்; அவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் மேலைநாட்டில் பெற்றோரின் பேச்சிற் பிழை தேடிய ஆராய்ச்சித் துறையிலிருந்து வந்தவர், ஈழத்தில் பழிக்காத குடும்பங்களின் நன்மையைக் காண நேர்ந்தமை சிந்திக்கற்பாலது.

முடிபு

ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சியின் பயனைத் தொகுத்துக் கூறின், உறவினரிற் சிலரிடம் சிந்தனையிலும் பேச்சிலும் தனித்தன்மை உண்டென்பது மெய். அது பெரும்பாலும் பரம்பரையிற் பகிர்ந்துகொண்டது, ஓரளவு நோயுற்றாருடன் வாழ்ந்து பெற்றது, தன்னளவிற் பிணியன்று, நோயை உண்டாக்கும் குற்றமும் அன்று. இவ்வளவு எளிய முடிபை எய்துமுன் எத்தனை பேர் மகப்பேறு இழந்தனர், எத்தனை தாய்மார் செய்யாத குற்றத்தைச் சுமந்தனர் என்பதை எண்ணிப் பார்ப்பின், அறிவியலுக்கும் அடக்கம் வேண்டும் என்பது தெளிவாகும். இரண்டு ஒன்றாய்க் காணப்படுதல் ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததற்குச் சான்றாகாது.

சேலை நூலைப் போல்வதே. ஆயினும் நெய்பவன் கையும் தறியும் சாயமும் அதில் உண்டு. சேலை கிழிந்தவிடத்து நூலைப் பழிப்பதினும், கிழிசலைத் தைப்பதற்கு அந்நூலையே துணையாகக் கொள்வதே அறிவுடைமையாகும்.